சொல்லாத இழுப்பு

என் தம்பிக்கு ஐந்து வயதிலிருந்து இழுப்பு. மழைக்காலங்களில் தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றி, நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பான். காற்று உள்ளே போய்விடும். அதை வெளியே விடுவதற்குத்தான் போராடுவான். இருபது ஆண்டுகள் அருகிருந்து பார்த்தவன் நான். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவனும் நானே.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தான். கள்ளிக்குப்பத்தில் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு இடங்கள், இழுப்புக்காரன் என்று கேள்விப்பட்டு விலகியிருந்தன. ஆகவே இம்முறை பெண்ணின் தகப்பனார் உடம்பைப் பற்றி விசாரித்தபோது, எப்போதாவது சளி பிடிக்கும் என்று சொன்னேன். வீட்டில் எல்லோரும் கூடி எடுத்த முடிவு. சொன்ன வாய் என்னுடையது.

அந்தக் கோடையில் அவருடைய கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயின் அடிமுனையில் இருந்த வால்வைச் சேறு மூடியிருந்தது. அதன்மேல் இருபதடி நீர். மூச்சடக்கி முங்கியவர்கள் சேற்றை அள்ளுமுன் மேலே வந்துவிட்டார்கள். பட்டறைக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரை வண்டியில் ஏற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுவருவார்கள். அதன் ரப்பர் குழாயை வாயில் கவ்வி, மூக்கில் துணிக் கிளிப் மாட்டி, இடுப்பில் கல்லும் கயிறுமாக ஒருவன் இறங்குவான். கயிறு இரண்டு முறை அசைந்தால் மேலே தூக்கவேண்டும். இம்முறை தானே இறங்குவதாகத் தம்பி சொன்னான்.

"மாப்பிள்ள இன்னாத்துக்கு? வேற ஆளு பாத்துக்கலாம்," என்றார் பெண்ணின் தகப்பனார்.

"மாப்ள இருக்கசொல்லோ வேற ஆளு எதுக்கு நைனா?" என்றான் பட்டறை நண்பன் ஒருவன். தம்பியிடம் திரும்பி, "டேய், பொண்ணு மேலதான் கீது. கீழ போயி இன்னொண்ணு தேடிகினு இருக்காதே!" என்றான்.

"நீ மொதல்ல காத்த ஒழுங்கா உடுடா," என்று தம்பி சிரித்தான்.

அன்று காலை அவன் மாத்திரை விழுங்கியதை நான் பார்த்திருந்தேன். நெஞ்சில் மெல்லிய விசில் அப்போதும் இருந்தது. தனியே அழைத்தேன். "வேணாம்டா. நான் அவர்கிட்ட சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்லுவே? ரெண்டு எடம் போனது பத்தாதா? கம்முனு இருண்ணே. பத்து நிமிசம்."

அவரிடம் சொல்லவில்லை. மேலே வரும்போது மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே வா என்று மட்டும் அறிவுறுத்தினேன். ஆழத்தில் இழுத்த காற்று மேலே ஏற ஏற விரியும் என்பது எனக்குத் தெரியும். மூச்சை விடுவதுதான் அவனால் இயலாதது என்பதும் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

கயிறு என் கையில் இருந்தது. சில நிமிடங்கள் குமிழிகள் சீராக வந்தன. கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் நெடி உண்டு; அதுவே அவன் மூச்சுக்குழாய்களை இறுக்கியிருக்கவேண்டும். குமிழிகள் சிறுத்தன. பிறகு கயிறு, எண்ணிக்கை ஏதுமின்றி, வெட்டி வெட்டி இழுத்தது. நாங்கள் நால்வர் பலங்கொண்ட மட்டும் தூக்கினோம். எண்பதை நெருங்கும் இந்த வயதிலும், எவ்வளவு மெதுவாகத் தூக்கியிருக்கவேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கிறேன். மெதுவாகத் தூக்கியிருந்தால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டியிருக்கும்.

மேலே வந்தவன் கண் விழித்திருந்தான். உதட்டில் ரத்த நுரை. கழுத்து வீங்கியிருந்தது, தொட்டபோது தோலுக்கடியில் காற்று நெறுநெறுத்தது. "அண்ணே" என்பதற்கான வாயசைவு மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் கேட்டது ஆஸ்துமா உண்டா என்று. பெண்ணின் தகப்பனார் ஈர வேட்டியோடு என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உண்டு. சின்ன வயசுலேருந்து," என்றேன்.

வெளியேற வழியில்லாத காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினார். விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

வெளியே வந்தபின் பெண்ணின் தகப்பனார் ஈர வேட்டியைப் பிழிந்தார். பிறகு கேட்டார்: "பொண்ணு குடுத்திருப்பனா மாட்டனா, அது வேற வாத்யாரே. சொல்லியிருந்தா கெணத்துல எறக்கி உட்டிருப்பனா?"

"மாட்டீங்க," என்றேன்.

உள்ளே அவன் இன்னும் உயிரோடு இருந்தான். மறுநாள் நண்பகல் வரை இருந்தான்.