சாமுவேலுக்கு வைத்த பங்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேரை நான் பெற்றேன். ஒருவனை என் அம்மா பெற்று, அவன் தவழும் முன்பே என் இடுப்பில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அந்த ஒருவன்தான் இந்த நினைவு மலரின் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கும் என் தம்பி.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எஸ்தர் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பெரிய எழுத்து பைபிளாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான். இறந்தவரை நினைவு மலரில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள் இவள். மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்த பிள்ளையை அவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்கிறபடியே எழுது என்று சொல்லிவிட்டேன்.

தம்பி பொன்னேரிக்குக் கிழக்கே எங்கள் காலனியில் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, "பொண்ணோட இந்தப் பையனும் வருவான்" என்று அப்பா சொன்னார். என் வீட்டுக்காரர், "வரட்டுமே, சீதனமா ஒரு மச்சான் வர்றான்" என்று சிரித்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே கடைசிவரை நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

தம்பி படித்து, தொழில் கற்று, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் சேற்றில் கால் வைக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். குடி கிடையாது. என் பிள்ளைகள் நால்வருக்கும் பள்ளிக்கூட ஷூ அவன் வாங்கியதுதான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "இன்னொரு ஆளு வந்தா உன் கொழம்புக்குக் கொற சொல்லும்க்கா, எதுக்கு வம்பு" என்று எழுந்து போய்விடுவான். கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்தான்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் சாப்பாடு காலனியிலேயே பேர் பெற்றது. மட்டன் பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. மகள்கள் மாப்பிள்ளைகளோடு வருவார்கள். ஆனால் என்ன நேரத்துக்கு இலை போடுவது என்பதை நான் முடிவு செய்ததில்லை. தம்பியின் ஷிப்ட்தான் முடிவு செய்தது. உலை அணையக் கூடாதாம், அதனால் பண்டிகை அன்றும் ஆள் வேண்டுமாம். முதல் ஷிப்ட் என்றால் அவன் வீடு வந்து சேர மாலை நான்கு ஆகிவிடும். பிள்ளைகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறான் என்றால், சர்ச்சிலிருந்து திரும்பிய கையோடு காலையிலேயே பிரியாணிக்குத் தம் போடுவேன்.

"இன்னாக்கா, உங்க ஊட்ல நாஷ்டாவுக்கே பிரியாணியா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்பாள்.

"ஆமாடி, எங்க ஊட்ல சம்பாதிக்கிற ஆளு இருக்குது" என்பேன் நான்.

ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் தம்பியிடம் கேட்டேன்: "வருஷா வருஷம் உனக்கே டூட்டி போடுறது யாருடா?"

சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொன்னான். சரியாகக் காதில் விழவில்லை.

"யாரு, சாமுவேலா?"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "ஆமாக்கா, சாமுவேலுதான்" என்று சிரித்தான்.

"கிறிஸ்தவப் பேரை வெச்சுக்கினு கிறிஸ்மஸுக்கு டூட்டி போடுறானே, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல?"

"இருக்குதுக்கா. ஒண்ணு."

அன்று முதல் சாமுவேலின் மனம் இளகுவதற்காக ஜெபம் செய்தேன். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் போட்டு, "இதை அந்த சாமுவேல்கிட்ட குடு, அடுத்த வருஷமாவது உன்ன உடட்டும்" என்று கொடுத்தனுப்பினேன். தம்பி மறுக்காமல் வாங்கிப் போவான். டப்பா கழுவித் திரும்பி வரும். மறுவருஷமும் சாமுவேல் டூட்டி போட்டுவிடுவான்.

என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போன வருஷம், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து மத்தியானமே சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த வருஷமும் முதல் ஷிப்ட். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். "மச்சான் வரட்டும்" என்றார். தம்பி வந்தபோது அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்பி உட்கார வைத்ததும் இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்டார். பிரியாணியைத் தொடவில்லை. அடுத்த கிறிஸ்மஸுக்கு அவர் சுவரில் படமாகிவிட்டார். அன்று நான் சாமுவேலைச் சபித்தேன். டப்பா மட்டும் வழக்கம்போல் போயிற்று.

தம்பிக்குச் சர்க்கரை முற்றிக் கிட்னி கெட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, காபி கேட்டான். நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டான்.

கல்லறையிலிருந்து திரும்பி, பந்தலுக்கடியில் கம்பெனிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகப் போய்க் கேட்டேன்: "இதுல யாருப்பா சாமுவேலு?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எந்த சாமுவேலும்மா? எங்க செக்சன்ல அப்படி யாரும் இல்லியே."

"டூட்டி போடுறவரு. கிறிஸ்மஸுக்கு எல்லாம் என் தம்பிய உடாதவரு."

மீஞ்சூரிலிருந்து மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்த ஒருவர் டீயைக் கீழே வைத்தார். பெட்டி தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தவர் அவர்.

"அம்மா, அண்ணனுக்குக் கிறிஸ்மஸ்னா லீவுதாம்மா. சீனியரு, அவருக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க. எனக்குத்தான் டூட்டி உழும். அண்ணன்தான் வருஷா வருஷம் எனக்கு மியூச்சுவல் குடுத்தாரு."

"இன்னா குடுத்தாரு?"

"மியூச்சுவல்மா. என் டூட்டிய அவரு பாப்பாரு. அவரு லீவ நான் எடுத்துக்குவேன்."

மியூச்சுவல். அன்று சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அவன் சொன்ன சொல் எனக்கு அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது.

அவர் மனைவி என் கையைப் பிடித்து, "உங்க முறுக்கு தின்னுதாம்மா எங்க பசங்க வளர்ந்துச்சுங்க. டப்பாவ நான்தான் கழுவிக் குடுப்பேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் கடைசியா இருந்தாரே, அந்தக் கிறிஸ்மஸுமா?" என்று கேட்டேன்.

மீஞ்சூர்க்காரர் தரையைப் பார்த்தார். "அந்த வருஷம் என் சின்னவளுக்கு மொத கிறிஸ்மஸ்மா. வேணாண்ணா, மாமாவுக்கு உடம்பு முடியலியேன்னு நான் சொன்னேன். 'எங்க அக்கா எந்நேரமானாலும் எல போட்டுக் காத்துக்கினு இருக்கும், நீ போடா'ன்னுட்டாரு."

எஸ்தர், இனிமேல் 'அவர்' என்று எழுது. இதைச் செய்தவரை நான் வளர்க்கவில்லை. இவர் யாரோ.

அவர் நல்ல காரியம்தான் செய்தார் என்று போதகர் முதல் எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள். தன் சோற்றை எடுத்துக் கொடுப்பது தர்மம். அவர் எடுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரரின் சோற்றை. மீஞ்சூரில் ஒரு வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டு முடித்த நேரத்தில், என் வீட்டில் ஒரு நோயாளி பசியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா காத்திருப்பாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது தெரியவில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேனா, மாட்டேனா, அது வேறு பேச்சு. இல்லாத ஒரு மனிதனை நான் வைது, அவனுக்காக முழங்காலில் நின்று, அவனுக்கு அதிரசமும் சுட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் நின்று, "பாகு பதமாக்கீதுக்கா" என்று ருசி பார்த்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் மத்தியானம் ஒரு மணிக்கு இலை போடப்படும். உறவினர்கள் இதையே அழைப்பாக ஏற்று வர வேண்டும். பிந்தி வருகிறவர்கள் ஆறினதைத்தான் சாப்பிட வேண்டும். மீஞ்சூர்க்காரருக்கு இந்த வருஷம் முதல் ஷிப்டாம். அவர் பிள்ளைகளும் ஒரு தடவை வாசலைப் பார்த்து உட்காரட்டும். இந்த இடத்தில் எஸ்தர் பேனாவை நிறுத்தி, "ஆயா, இதெல்லாம் மலர்ல போடுவாங்களா?" என்றாள். போடு என்றேன்.

தம்பி படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுப் பிள்ளைக்கும், ஜெபித்த போதகருக்கும், சமைத்துப் போட்ட மாதர் சங்கத்தாருக்கும், வேன் வைத்துக் கொடுத்த கம்பெனிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டிக்கு முன்தோள் கொடுத்த மீஞ்சூர்க்காரருக்கும் நன்றி. அதை மறுக்க என்னால் முடியாது. சாமுவேல் என்ற பெயருள்ள யாராவது இதைப் படித்தால், ஒரு குற்றமும் இல்லாமல் என் வாயில் அடிபட்டதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

காபி கேட்டாயே தம்பி. அதில் சர்க்கரை போடலாமா கூடாதா என்று யோசித்து நின்றதில்தான் நேரமாகிவிட்டது. நீ கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.

எஸ்தரு, இப்போ சொன்னதுல 'நீங்க'ன்னு மாத்திட்டியா? மாத்தாத. மொதல்லேர்ந்து படி, நான் கேக்கறேன். அவன்னு சொன்ன எடத்துல அவன் இருக்குதா பாரு.