இரண்டு ஷிப்ட் தூரத்தில் சான் பிரான்சிஸ்கோ

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டை பஜாரில் டிக்கெட் புக்கிங் கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எதிர்க்கடை முனிரத்தினம் நேற்று வந்தவன். அவன் கடையில் எப்போதும் கூட்டம், என் கடையில் ஃபேன் மட்டும் சுற்றும். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், வயிறு எரிந்தது.

கோரமண்டல் சுரங்க லைனில் குடியிருக்கும் அலமேலு அக்கா முதலில் வந்தது என்னிடம்தான். மகளுக்கு சான் பிரான்சிஸ்கோவில் தலைப்பிரசவம். அக்கா விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

"எவ்ளோ தூரம் தம்பி?"

"பதினாலாயிரம் கிலோமீட்டர்க்கா. பெங்களூர்ல ஏறுனா நடுவுல எங்கயும் நிக்காது. பதினாறு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "அவ்ளோ நேரம் ஆகாசத்துலயா? நான் போவல. அங்கயே யாராச்சும் ஆள் வெச்சுக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

தெருவில் இறங்கியவரை முனிரத்தினம் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவன் ஊரிகம் லைன் வீட்டுப் பிள்ளை, அப்பா சுரங்கத் தொழிலாளி. பேசினால் என் கடைவரை கேட்கும்.

"இன்னாம்மா பயம்? ரெண்டு ஷிப்ட், கொஞ்சம் ஓவர்டைம். அவ்ளோதான். உங்க வூட்டுக்காரரு சுரங்கத்துல டபுள் ஷிப்ட் பாத்துட்டு கேஜ் லிப்ட்ல மேல வர்ல? அவரு இருட்டுல கீழ எறங்குனாரு, நீங்க வெளிச்சத்துல மேல போறீங்க."

அக்கா சிரித்தார். அங்கேயே டிக்கெட்டும் எடுத்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்ன அதே நேரத்தைத்தானே அவனும் சொன்னான்!

புறப்படும் வாரத்தில் முனிரத்தினத்தின் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். பாஸ்போர்ட் நகலுக்காக அக்கா என் கடைக்கு வந்தார்.

"மாப்ளகிட்ட போன்ல சொல்லிட்டேன் தம்பி. செவ்வாக்கிழமை மத்தியானம் ஏறுறேன். ரெண்டு ஷிப்ட் முடிஞ்சா புதன் காலையில. ஏர்போர்ட்டுக்குக் காலையிலயே வாங்கன்னுட்டேன்."

எங்கள் ஊர்க் கணக்கு அது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தாலும் கடிகாரம் அதே கடிகாரம்தான். ஆனால் இங்கே புதன் விடியும்போது அங்கே செவ்வாய் சாயங்காலம். அக்கா ராத்திரி முழுக்க பாஷை தெரியாத ஏர்போர்ட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாட்டினான் முனிரத்தினம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்ததே அவன் பெயரைக் கெடுக்கத்தான். "அவன் சொன்ன கணக்குல ஓட்டை இருக்குதுக்கா" என்று ஆரம்பித்து, அங்கத்திய நேரத்தை விளக்கினேன். மாப்பிள்ளைக்கு என் போனிலிருந்தே பேசி, செவ்வாய் சாயங்காலமே வரச் சொன்னேன்.

அக்கா நல்லபடியாகப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவருஷம் மறுபடி பயணம். படியேறியது முனிரத்தினம் கடையில். பொறுக்க முடியாமல் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டே விட்டேன்.

"அன்னிக்குத் தப்பைக் கண்டுபுடிச்சது நான்க்கா. டிக்கெட் மட்டும் இவன்கிட்டயா?"

"நீ சொல்றதெல்லாம் கரெக்ட்டுதான் தம்பி. இன்னா பண்றது? அவன் சொன்னா அமெரிக்கா பக்கத்துல கீது. நீ சொன்னா இங்க பக்கத்துல கீற பங்காருபேட்டையே தூரமா பூடுது."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, எவ்வளவு தூரம் என்று கேட்பவருக்கு முதலில் பயம் போகப் பதில் சொல்லுங்கள். போய் இறங்கும் ஊரின் நாளையும் மணியையும் அடுத்த மூச்சில் சொல்லிவிடுங்கள். இப்போது நானும் ஷிப்ட் கணக்கில்தான் ஆரம்பிக்கிறேன். எதிர்க்கடையிலிருந்து முனிரத்தினம் அதைக் கேட்டுச் சிரிக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.