செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு எட்டுக் கருமுட்டைகள்

மாமல்லபுரத்துக்கு எல்லோரும் கடல் பார்க்கப் போவார்கள். நான் போன மாதம் என் எட்டுக் கருமுட்டைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் முன் செங்கல்பட்டில் உறையவைத்தவை. சிகிச்சைக்குப் பிறகு புதிதாக முட்டை கிடைக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இந்த எட்டுதான். அங்கே சேமிப்பு அறையை மூடுவதால், கடற்கரைச் சாலையில் இருக்கும் இன்னொரு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். வாடகைக் கார் போக வர ஆயிரத்து எண்ணூறு. காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் நான், புது மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து அழைத்துப்போக வந்த ரேவதி, நடுவில் சீட் பெல்ட் போட்டு, திரவ நைட்ரஜன் குளிரில் என் எட்டும் இருக்கும் ஒரு அலுமினியக் கேன். பார்க்க பால்காரர் கேன்தான்.

ஓட்டுநர் செல்வம் அண்ணன் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்க்காரர். என் கதையைச் சொன்னதிலிருந்து வேகத்தடை வந்தாலே காரை நடக்கவிட்டார். திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினால், ஆள் ஒரு பை ஐஸோடு வந்து நிற்கிறார்.

"கேன் மேல வச்சிக்கோமா. வெயிலு ஏறிகினு கீது."

ரேவதி சிரித்துவிட்டார். "உள்ள மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரிண்ணா. உங்க ஐஸ் அதுக்கு அடுப்பு."

"அப்போ உள்ள கீறது ஐஸ் இல்லியா?"

அங்கேதான் ரேவதி எனக்கும் பாடம் எடுத்தார். முட்டைக்குள் பெரும்பகுதி தண்ணீர். சும்மா உறையவைத்தால் ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து உள்ளே கிழித்துவிடும். ஃப்ரீஸரில் மறந்துபோன தக்காளி வெளியே வந்ததும் கொழகொழவென்று ஆகுமே, அந்தக் கதி. அதனால் முதலில் ஒரு திரவத்தில் போடுவார்களாம். தண்ணீர் வெளியேற முட்டை சுருங்கும், திரவம் உள்ளே போகப் போக மறுபடி உப்பும். பிறகு இன்னும் அடர்த்தியான திரவம், உடனே திரவ நைட்ரஜன். ஐஸாக மாற நேரமில்லாமல் கண்ணாடியாக இறுகிவிடும்.

"இன்னா மருந்து மேடம் அது?"

"எத்திலீன் கிளைக்கால்னு ஒண்ணு. உங்க டிக்கியில பச்சையா கேன் இருக்கே, அதுல இருக்கறதுதான்."

"கூலன்ட்டா?" அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அத்தக் குடிச்சா ஆளு காலி மேடம்."

ரேவதி மறுக்கவில்லை. அளவோ நேரமோ தப்பினால் முட்டைக்கும் அதுதான், அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்தபடியே வேலை என்றார். பிறகு உறைந்ததைக் கரைக்கும்போதும் சர்க்கரைக் கரைசலில் படிப்படியாக மருந்தை வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் புகுந்து முட்டை வெடித்துவிடும். எட்டில் எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன்.

"கரைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

கார் கிளம்பிய பிறகு யோசித்தால், எனக்கு ஏற்றியதும் அந்த ரகம்தான். கூடினால் ஆளையே முடித்துவிடும் மருந்து. முடி கொட்டியது, நகம் கறுத்தது, நான் இருக்கிறேன். அந்த எட்டும் என் கட்சிதான் என்று தோன்றியது.

ஒன்பதுக்குள் ஒப்படைத்தாயிற்று. வழியில் குளிர் குறையவில்லை என்று பார்த்துச் சொன்னார்கள்.

இதே வேலையாகப் போகிறவர்கள் இரண்டு மருத்துவமனைகளின் ஒப்புதலையும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆய்வக ஆள் இல்லாமல் கிளம்ப வேண்டாம். கேன் சாயக்கூடாது. பௌர்ணமியன்று திருக்கழுக்குன்றத்தில் கிரிவலக் கூட்டம், வேறு நாள் பாருங்கள். ஐஸ் வாங்கி வராதீர்கள்.

கடலைப் பார்க்காமலே திரும்பினேன். ரேவதியும் இல்லை, கேனும் இல்லை. ஆனாலும் அண்ணன் வேகத்தடையில் காரை அதே மாதிரி மெதுவாக ஏற்றி இறக்கினார்.

"கேன்தான் எறங்கிடுச்சேண்ணா" என்றேன்.

"நீ கீறியேமா."