ஒரு முறம் தவிட்டுக்குப் போன மகள்

காலை 7.10, கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையம். நான் பையில் எடுத்து வைத்தவை: இறப்புச் சான்றிதழ் நகல் மூன்று, குடும்ப அட்டை நகல் இரண்டு, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஒன்று, நோட்டு, இரண்டு பேனா. குப்பக்கா எடுத்து வந்தது ஒரு கிலோ ஆப்பிள்.

நான் இங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். குப்பக்கா அங்கே பேக்கிங் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறார். வயது நாற்பத்தாறு. அவருடைய அப்பா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்ததில் தம்பிகள் இருவர் பெயரும் சரியாக இருந்தன. குப்பம்மாள் என்ற பெயருக்கு எதிரே, மகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று குறிப்பு எழுதித் திருப்பிவிட்டார்கள். அன்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரிக்க வருகிறார். காகிதங்களை வரிசைப்படுத்தத் துணைக்கு வரச் சொல்லி குப்பக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார்.

7.25க்குச் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புதுவாயல் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் குப்பக்காவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தேன். தந்தை பெயர் என்ற இடத்தில் பொன்னுசாமி என்று இருந்தது. அவருடைய அப்பா பெயர் கோவிந்தன்.

"யாருக்கா இந்தப் பொன்னுசாமி?"

"பக்கத்து ஊட்டுக்காரரு."

"அவர் பேரு எப்படி வந்துச்சு?"

"அத எங்க பெரிம்மாவையே கேளு."

"உங்க அம்மாவைத்தானே கேக்கணும்?"

"ரெண்டும் ஒரே ஆளுதாம்மா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பெனியில் என்னை மேடம் என்பார். பேருந்தில் ஏறிவிட்டால் அம்மா, கண்ணு, ஏ பொண்ணு, எது வேண்டுமானாலும்.

புதுவாயலில் ஷேர் ஆட்டோ. ஆரணிக்கு ஆளுக்கு இருபது ரூபாய். இருபுறமும் மாறி மாறி வந்தன: கல்யாண மண்டபம், மனை விற்பனைக் கொடிகள், வயல், மறுபடியும் மனை. ஆரணியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போக இன்னொரு பத்து ரூபாய்.

9.05. குப்பக்காவின் அம்மா முனியம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. நிமிர்ந்து மகளைப் பார்த்தவர், "வந்தியா? நாஷ்டா துன்னியா?" என்றார். என்னிடம், "பக்கத்து ஊட்டுப் பொண்ணு கூட வேல செய்றியா நீ?" என்று கேட்டார். தான் பெற்ற மகளைத்தான் அப்படிச் சொன்னார்.

இட்லி சாப்பிட்ட பிறகு அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். பெரியபாளையத்துப் பக்கமிருந்து பதினாறு வயதில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தார். பிறர் நிலத்தில் நாற்று நட்டார். ஐந்தாறு வருடத்தில் பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவி ஆனார். எந்த வயலுக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கரையேறுவது, எல்லாம் அவர் சொன்னதுதான். புருஷனும் அவரும் முதலில் விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு எடுத்து உழுத நிலத்தையே பின்னால் விலைக்கு வாங்கினார்கள். ஒரு ஏக்கர் பத்து சென்ட். இன்று அந்தப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் யாராவது தொழிற்சாலை வேனில் ஏறுகிறார்கள். நடவுக்கு இயந்திரம் வருகிறது.

"புள்ளைங்க எத்தினின்னு எழுதுன?"

"மூணு, பாட்டி."

"அஞ்சுன்னு எழுது."

முதல் பெண் குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனது. அடுத்தது பையன், பதினோராம் நாள் போனான். மூன்றாவதாகப் பிறந்தவள்தான் குப்பக்கா. பெற்றவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்றால் இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைப்பார்கள். பிள்ளை தங்கிய வேறொருத்தி வந்து, ஒரு முறம் தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். பிறகு குழந்தை பெற்ற வீட்டிலேயே வளரும். ஆனால் வாங்கியவளின் பிள்ளை. தேடி வரும் சாவுக்கு விலாசம் தவறிவிடும்.

வாங்கியவர் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. பொன்னுசாமியின் மனைவி.

மற்ற வீடுகளில் இது ஒரு சடங்கோடு முடிந்துவிடும். முனியம்மா முடிக்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார், "யார் பொண்ணும்மா?" என்று கேட்டார். "பொன்னுசாமி பொண்ணு" என்றார் முனியம்மா. அப்படியே பதிவேட்டில் ஏறியது. ரேஷன் அட்டையிலும் அந்த வீட்டிலேயே பெயர் சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான். பெற்றவளைப் பெரிம்மா என்று கூப்பிட்டுத்தான் குப்பக்கா வளர்ந்தார்.

"அப்பவே மாத்தியிருக்கலாமே?"

"மாத்திட்டு? அது பாத்துக்கினு இருந்தா?" அது எது என்று நான் கேட்கவில்லை.

மாட்டுக் கொட்டகை ஓரம் குப்பக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு நெலம் வேணாம்மா. தம்பிங்களுக்கே எழுதிக் குடுத்துருவேன். ஆனா எழுதிக் குடுக்கணும்னாலும் மொதல்ல மவளா இருக்கணுமே."

11.20. கிராம நிர்வாக அலுவலர் பைக்கில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமையானவர். முனியம்மா, பெரிய தம்பி ஏழுமலை, சாட்சிக்கு வந்த சின்னப்பொண்ணு பாட்டி, நாங்கள் இருவர். நாற்காலி இரண்டுதான்.

"பேஜாரு ஒண்ணும் இல்லம்மா. உங்க வாக்குமூலம், ரெண்டு சாட்சி, போதும். சொல்லுங்க. குப்பம்மாள் உங்களுக்கு யாரு?"

முனியம்மா வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சொல்லும்மா" என்றார் ஏழுமலை.

"நாப்பத்தாறு வருசமா ஏமாத்திக்கினு இருக்கேன்டா. இப்ப நானே காட்டிக் குடுக்கவா?"

தொழிற்சாலையில் மேற்பார்வையாளரையே எதிர்த்துப் பேசுகிற குப்பக்கா தரையைப் பார்த்தபடி நின்றார். அலுவலர் பேனாவை மூடினார். வாக்குமூலம் இல்லையென்றால் தன்னால் எதுவும் எழுத முடியாது என்றார்.

அப்போதுதான் சின்னப்பொண்ணு பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அவ இன்னா சொல்றது? பொண்ணு என்னுது. தவிடு குடுத்தது நானு. என் தவிட்டத் திருப்பிக் குடுக்கட்டும், பொண்ண எடுத்துக்கினு போவட்டும்."

ஏழுமலை சிரித்தார். முனியம்மா சிரிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனார். மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த மூட்டையிலிருந்து முறம் நிறையத் தவிடு அள்ளிக்கொண்டு வந்தார்.

"கொழந்தைய முறத்துல வெச்சு இல்ல குடுக்கணும்?" என்றார் சின்னப்பொண்ணு பாட்டி.

"எழுவது கிலோ ஆயா. முறம் தாங்காது" என்றார் ஏழுமலை.

கடைசியில் குப்பக்கா இரண்டு கைகளையும் தவிட்டில் வைத்தார். முறத்தின் ஒரு பக்கத்தை முனியம்மா பிடித்தார், மறுபக்கத்தைச் சின்னப்பொண்ணு பாட்டி பிடித்தார். "உன் பொண்ண நீயே எடுத்துக்கோ" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்ன பிறகும் முறத்தை உடனே விடவில்லை. நாற்பத்தாறு வருடம் அவருடைய மகளாகவும் இருந்தவள் அல்லவா. பிறகு தவிட்டைத் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டார்.

அலுவலர் அதுவரை பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். பேனாவைத் திறந்து, முதலில் கேட்ட அதே தொனியில் மறுபடியும் கேட்டார்.

"நான் பெத்தவ" என்றார் முனியம்மா. "மூணாவதா பெத்தவ. எழுதிக்கோ."

12.10க்குக் கைநாட்டு, சாட்சிக் கையெழுத்துகள் முடிந்தன. நான் கொண்டுபோன நகல்களில் ஒன்று மட்டும் தேவைப்பட்டது.

மதியம் கருவாட்டுக் குழம்பு. 3.00 மணிக்குக் கிளம்பினோம். குப்பக்காவுக்கு மறுநாள் முதல் ஷிப்ட். எனக்கு லீவு மீதம் இருந்ததால் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர், அங்கிருந்து ரயிலில் வேப்பம்பட்டு, எங்கள் வீடு. ஆரணி வரைக்கும் ஒரே ஆட்டோ. முனியம்மாவிடம் விடைபெறும்போது குப்பக்கா, "போய்ட்டு வரேன்…" என்று இழுத்தார். பெரிம்மா என்று முடிக்க முடியவில்லை. வேறு சொல்லும் வாயில் வரவில்லை.

ஆட்டோ நகரப்போகையில் முனியம்மா சாலைவரை வந்து அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநரிடம், "பாத்து ஓட்டு நைனா. எம்மவ உக்காந்துக்கினு இருக்கா" என்றார்.

எங்கள் வீட்டில் அம்மா போனில் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் "எம்பொண்ணு இன்ஜினியர்" என்று வந்துவிடும். சொல்லாதே என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அந்த 'எம்பொண்ணு' என்ற சொல்லை வாயில் அடக்கி ஒரு பிள்ளையைக் காக்க முடியும் என்று நம்பி, நாற்பத்தாறு வருடம் அடக்கிக்கொண்ட ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். அடக்குவது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று ஆட்டோ குலுங்கிக்கொண்டு போகையில் நினைத்துக்கொண்டேன்.

ஆரணியில் இறங்கிக் காசு கொடுத்தோம். ஓட்டுநர் சில்லறையைத் தந்தபடி குப்பக்காவிடம், "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். உங்கம்மா இப்டி பயப்படுறாங்களே" என்றார்.

குப்பக்கா சில்லறையை வாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"எங்கம்மா அப்டித்தான்" என்றார்.