மடவளை ஓடையோரம் ஒரு வெள்ளிக்கிழமை

1932 ஓகஸ்ட் விடுமுறைக்கு நான் படிப்பித்த பள்ளிக்கூடம் மூடியபோது எனக்குப் போக வீடு இருக்கவில்லை. அம்மா காலமான பிறகு யாழ்ப்பாணத்து வீடு பூட்டிக் கிடந்தது. கொழும்பில் முன்பு என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஹனிபா, கண்டிக் கடைத்தெருவில் புடவை விற்பவர், "மடவளைக்கு வாங்க மாஸ்டர்" என்று பலமுறை அழைத்திருந்தார். ஒரு வியாழக்கிழமை காலை ரயிலில் புறப்பட்டேன்.

கண்டியிலிருந்து மடவளைக்கு ஆறு மைலுக்குச் சற்றுக் கூட. பஸ்ஸுக்குப் பதினைந்து சதம். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் வலப்பக்கம் உட்காருங்கள். ஆறு நன்றாகத் தெரியும். (மழையானால் உட்காராதீர்கள், முழுக்க நனைவீர்கள்.)

ஹனிபாவின் வீடு ஓடையோரச் சந்தில் இருந்தது. சந்துக்குள் திரும்பியதுமே அழுகிய நாற்றம் அடித்தது. வீடுகளில் பாதி பூட்டியிருந்தன. அவர் மனைவி பிள்ளைகளும் இல்லை.

"அவங்கட உம்மா வீட்டுக்குப் போய்ட்டாங்க. புள்ளகளுக்கு மேலெல்லாம் புண். கெணத்துத் தண்ணி குடிச்சிராதீங்க மாஸ்டர், நான் தூரத்தில இருந்து எடுத்து வெச்சீக்கிறேன்."

மேட்டில் புதிதாக வந்த தோல் பதனிடும் சாலையின் கழிவுதான் காரணம். சுண்ணாம்புச் சேறு, மாட்டு மயிர், சீவியெடுத்த சதை எல்லாம் ஓடையில் கிடந்தன. அங்கே கொட்டக்கூடாது என்று ஊர்த் தலைவரான ஆரச்சி தடை போட்டிருந்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம், ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருக்கையில், கழிவு வண்டி வரும்.

"கண்ணால கண்ட ஆம்பிள ஒத்தனைக் கொண்டுவாண்டு ஆரச்சி செல்றாரு. பொம்பளைகள் கண்டது அவருக்குக் கணக்கில்ல" என்றார்.

மறுநாள் ஹனிபா தொழுகைக்குப் போனார். சந்தில் நான் ஒருவன்தான் ஆண். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "மாஸ்டர், வாறாங்க!"

ஒற்றை மாட்டுவண்டி ஒன்று வந்தது. ஓட்டியவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்த முத்தையா. பெயரைப் பிறகுதான் அறிந்தேன். ஓடிப்போய் நுகத்தடியைப் பிடித்தேன்.

"இதுக்குள்ளை கொட்டாதையும். வண்டியைத் திருப்பும்."

"ஒதுங்குங்க ஐயா, மாடு மெரளும். திருப்பிக்கிட்டுப் போனா எனக்கு வேல போயிரும்."

"ஆர் கொட்டச் சொன்னது?"

"தோல்சாலைப் பெரிய கங்காணிதாங்க. வேற யாரு?"

அவர் சாட்டையை ஓங்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. தொழுகை முடிந்து ஆண்கள் வரும்வரை இருவரும் வெயிலில் அப்படியே நின்றோம். ஹனிபா ஓடிப்போய் ஆரச்சியைக் கையோடு கூட்டிவந்தார். சேறு வண்டியிலேயே இருந்தது.

இரண்டு கிழமை கழித்துக் கம்சபை என்ற கிராம நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல மறுபடி போனேன். கங்காணி சொல்லித்தான் முத்தையா கொட்ட வந்தார் என்பதையும் சொன்னேன். "இந்த வண்டிக்காரன் எங்கள் ஆளே இல்லை" என்றார் தோல்சாலைக் கணக்கப்பிள்ளை. தண்டம் முத்தையாவுக்கு மட்டும் விழுந்தது, வேலையும் போயிற்று. வெளியே முத்தையாவிடம் போனேன்.

"நீங்க பாத்ததத்தானே சொன்னீங்க. நான் போறேங்க" என்று தெல்தெனிய ரோட்டில் தனியாக நடந்து போனார். சந்துக்காரர் நாலு பேர் சூழ்ந்து எனக்கு நன்றி சொன்னபோதும் என் கண் அந்த ரோட்டிலேயே இருந்தது.

அதன் பிறகு அந்தச் சந்துக்கு வண்டி வரவில்லை. கிணறு மட்டும் இன்னும் தெளியவில்லை. அது தெளியாமல் வரமாட்டேன் என்று ஹனிபாவின் மனைவி சொல்லியனுப்பிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடைசி பஸ் ஐந்தரைக்கு. விட்டால் கட்டுகஸ்தோட்டைவரை நடைதான். எந்த வீட்டிலும் தண்ணீர் எங்கே எடுத்தது என்று கேட்டுக் குடியுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஓடையோரச் சந்தில் ஹனிபாவின் வீட்டைக் கேட்டால் காட்டுவார்கள். அவரோடு ஒருவேளை சோறு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒருவருக்கு மட்டும் சமைக்க அவருக்கு இன்னும் வரவில்லை.