அண்ணி சொன்ன சாத்துக்குடித் தோல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியில் அண்ணி ஒரு பாகற்காயை எடுத்தார். திருப்பித் திருப்பித் தடவினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இது எப்படி இருக்குதுன்னு சொல்லுடி."

அண்ணி என்னிடம் இப்படிக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணி வாணியம்பாடிக்காரர். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவார். ரவை நறநற, புதுத் துண்டு சொரசொர, அரைபடாத மாவு கொரகொர... ஒன்றை இன்னொன்றோடு குழப்பவே மாட்டார். பெங்களூரு ரோட்டுக்கு மட்டும்தான் அவரிடமும் வார்த்தை இல்லை!

போன வருஷம் ஒருநாள், குளித்துவிட்டு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மார்ல ஒரு பக்கம் தோல் தடிச்சிருக்குதுடி. சொரசொரப்பு இல்ல. குழி குழியா, சாத்துக்குடித் தோல் மாதிரி இருக்குது. வலியே இல்ல."

அன்றைக்கே பக்கத்து கிளினிக்குக் கூட்டிப் போனேன். டாக்டருக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். அண்ணிக்குத் தமிழ் மட்டும். டாக்டர் ஆண் என்பதால், "நான் காட்ட மாட்டேன், நீ வாயால சொன்னா போதும்" என்று பிடிவாதம் வேறு. சாத்துக்குடிக் கதையை மறுபடி ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஸ்கின் கொஞ்சம் ரஃப், டாக்டர்."

அவ்வளவுதான். எனக்கு ஒன்பதரைக்கு ஆபீஸ் மீட்டிங். டாக்டரிடம் போய் சாத்துக்குடி, கீத்துக்குடி என்றால் பட்டிக்காடு என்று நினைப்பாரே என்ற கூச்சமும் இருந்தது. வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதி, வார்த்தையை வைத்துப் பிழைப்பவள் நான்! அவர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார். அண்ணி இரண்டு மாதம் தடவினார்.

குறையவில்லை. வேறு ஆஸ்பத்திரியில், தமிழ் தெரிந்த ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அண்ணி அதே வாக்கியத்தைச் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து திரையை இழுத்தார்.

பரிசோதித்த பிறகு கேட்டார்: "இதை ஏம்மா முன்னாடியே யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே டாக்டர்" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பவே இல்லை.

புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆயிற்று. அந்த இரண்டு மாதம் எவ்வளவு கெடுத்தது? டாக்டரிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை. கீமோவில் அண்ணியின் விரல் நுனிகள் மரத்துவிட்டன. போகப் போகச் சரியாகலாம் என்கிறார்கள். இப்போதைக்கு அவருக்குக் கல்லும் துணியும் ஒன்றுதான்.

அண்ணி நீட்டிய பாகற்காயைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"முண்டும் முடிச்சுமா இருக்கு அண்ணி. நடுவுல வரி வரியா ஓடுது. அந்த வரி மேல மட்டும் கூர் கூரா குத்துது. காம்புகிட்ட சொரசொரப்பு..."

"எஷ்டு கேஜி, மேடம்?" எத்தனை கிலோ என்று வண்டிக்காரர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். நான் அவசரப்படவில்லை. அடி நுனிவரை விரலை ஓட்டி, சொல்லி முடித்தேன்.

அண்ணி காயை வாங்கிப் பைக்குள் போட்டார்.

"இப்பதான்டி ஒழுங்கா சொல்றே."