பச்சைக்குக் கொக்கி, அரக்குக்கு வளையம்

கல்யாணமான புதிதில் எனக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று என் மீசை, மற்றொன்று என் ஸ்டாப்வாட்ச். மீசையைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து. ஸ்டாப்வாட்சைப் பற்றி ஒரே கருத்துதான். எல்லோரும் அதை வெறுத்தார்கள்.

பல்லாவரம் பக்கம் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு உத்தியோகம். வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர்கள் எத்தனை விநாடியில் ஒரு துண்டை முடிக்கிறார்கள் என்று எழுதுவதுதான் என் வேலை. நான் கேன்டீனில் நுழைந்தால் பாதி மேசை காலியாகிவிடும். வீட்டிலும் அந்தப் புத்தி விடவில்லை. ஒருநாள் என் மனைவி தோசை வார்ப்பதற்கு நேரம் பார்த்தேன். அடுத்த தோசை வரவே இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில் மாடியில் ஒரு வாடகைப் போர்ஷன். மனைவி மத்தியான நேரங்களில் மெழுகு பூசிய கறுப்புக் கயிற்றில் மணி கோத்து மாலை செய்வாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நான் அதை 'உன் பொழுதுபோக்கு' என்று சொல்லிவந்தேன். அவள் அதை அப்படி நினைக்கவில்லை என்பது குரோம்பேட்டைக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பேன்சி ஸ்டோர் வாசலில் நின்றுவிடுவாள். உள்ளே விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டி. அதில் வெல்வெட் துணி விரித்த தட்டுகளில் மாலைகள், தோடுகள். நான் வாழைத்தண்டும் கையுமாக வெயிலில் நிற்பேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் துணிந்து உள்ளே போய், தன் மாலை ஒன்றைக் கடைக்கார அக்காவிடம் நீட்டிவிட்டாள். அந்த அம்மா நல்ல கனம்; கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கடை முழுவதையும் ஆள்வார். மாலையின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மூட்டை கட்ற மாதிரி முடிச்சு போட்டுக்கீற? கழுத்துல உறுத்தாது? மணி நல்லாத்தான் கீது. கொக்கி வெச்சு எட்த்துனு வா."

"எத்தனைக்கா?"

"ரெண்டு டஜன். திங்கக்கெழமை காலைல வந்துடணும். தீபாவளிக்கு ஒரு தட்டு உனுக்கு. வர்லன்னா ஹேர்பேண்டு போட்றவன் கேட்டுனு கீறான், அவனுக்குக் குட்த்துடுவேன்." பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு மாலையை எடுத்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். "இப்டித்தான் இஸ்த்துப் பார்ப்பேன். கொக்கி கையோட வந்துச்சு, நீ அப்டியே டிரெயினு ஏறிடு."

மறுநாளே மனைவி பாரிமுனைக்குப் போய் இருபத்து நான்கு கொக்கிகளும் இருபத்து நான்கு வளையங்களும் வாங்கிவந்தாள். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பித்தளை மூடியோடு சேர்ந்தது. மூடிக்குள் ஒரு சொட்டுப் பசை விட்டு, கயிற்று நுனியைச் செருகி, குறட்டால் ஒரே அமுக்கு. அதற்குப் பிறகு யானை வந்து இழுத்தாலும் வராது. ஒரு நுனிக்குக் கொக்கி, மறு நுனிக்கு வளையம். ஒன்றில் ஒன்று மாட்டினால் மாலை. குழந்தைக்கும் புரியும். எனக்குப் புரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று.

அந்த ஞாயிறு செங்கல்பட்டில் அவள் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. பன்னிரண்டு பச்சை மாலை, பன்னிரண்டு அரக்கு மாலை கோத்துத் தயாராக வைத்திருந்தாள். சாயங்காலம் வந்து கொக்கி வைக்கிறேன் என்றாள்.

"நீ போய்ட்டு வா. நான் முடிச்சு வைக்கிறேன்" என்றேன்.

"வேண்டாங்க."

"தினமும் ஆயிரம் பேர் வேலையைச் சரி பண்றவன் நான். இது ஒரு வேலையா?"

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அப்ப ஒண்ணே ஒண்ணு. ஒரு மாலைய எடுத்தா ரெண்டு நுனியும் முடிச்சிட்டுத்தான் கீழ வைக்கணும். சரியா?"

சரி என்றேன். அவள் தெருமுனை திரும்பும்வரை அது சரியாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. குரோம்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை. ஞாயிறு தவறாமல் கறிக்குழம்புக்கு ஆஜராகிவிடுவான். வீட்டில் தயிர்சாதம் மட்டும்தான் என்று அறிந்ததும் செருப்பை மறுபடி மாட்டப் பார்த்தான். அவனை உட்காரவைத்து, என் திட்டத்தை விளக்கினேன். ஒரே ஆள் கொக்கியையும் வளையத்தையும் மாற்றி மாற்றி எடுத்தால் நேரம் வீண். எனவே நான் கொக்கி மட்டும். அவன் வளையம் மட்டும். முதலில் நான் பச்சைக்கு ஒரு நுனியில் கொக்கி வைப்பேன், அவன் அரக்குக்கு ஒரு நுனியில் வளையம் வைப்பான். பசை காய்ந்ததும் பச்சை அவனிடம் போகும், அரக்கு என்னிடம் வரும்.

"யாரு மாமா கொண்டு போவாங்க?"

"ஆள் நகரக் கூடாது மச்சான். பொருள்தான் நகரணும். அதுதான் தத்துவம்."

"பெரிய தத்துவம்தான்" என்று, இருந்த இரண்டு குறட்டில் ஒன்றைக் கையில் எடுத்தான்.

வெளியே மழை. ஈரக் காற்றில் பசை காய மறுத்தது. முதல் கொக்கியில் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. பிரித்த கையோடு யோசனையாக மீசையைத் தடவினேன். அதற்கு மேல் அந்த விவரம் வேண்டாம். மச்சான் சிரித்துச் சிரித்துப் பாயில் புரண்டான்.

இனி ஒட்டக் கூடாது என்று நானே இன்னொரு யோசனை கண்டுபிடித்தேன்: முடித்த நுனியைப் பழைய செய்தித்தாள் துண்டில் சுருட்டிவிடுவது. அறைக்குள் குறுக்கே துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது. யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று, அவரவர் முடித்ததை அவரவர் தலைக்கு மேலேயே தொங்கவிட்டோம். பார்க்கவே தொழிற்சாலை மாதிரி இருந்தது. என் கண்ணில் நீர் வராத குறை.

தயிர்சாதம் சாப்பிட்டோம். கொஞ்சம் படுத்தோம். எழுந்தபோது கரண்ட் போயிருந்தது. மழை இருட்டில் பச்சையும் அரக்கும் ஒரே கறுப்பு. தலைக்கு மேலே கையை நீட்டினேன், மாலை வந்தது. அவனும் நீட்டினான், வந்தது. ஒரு நுனியில் காகிதம் சுற்றியிருந்தது. காகிதம் இல்லாத நுனியில் நான் கொக்கியை வைத்தேன். காலையில் செய்ததையே மறுபடி செய்கிறோம் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். என் கண் ஸ்டாப்வாட்சில் இருந்தது. ஒரு கொக்கிக்கு நாற்பத்தெட்டு விநாடி! என் தொழிற்சாலையில் அப்படி ஒருத்தனும் கிடையாது.

கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கொக்கி மிச்சமில்லை, ஒரு வளையம் குறைவில்லை. "பார்த்தியா மச்சான், கணக்கு கச்சிதம்" என்றேன். அந்த நிமிஷம் நான் அடைந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆறரைக்கு மனைவி வந்தாள், இரண்டு கை நிறைய வளைகாப்பு வளையல். கரண்ட்டும் அவளோடு வந்தது. ஒரு பச்சையை எடுத்துக் காகிதத்தை உரித்து, கழுத்தில் போட்டுக்கொண்டு, பின்னால் கையை விட்டு மாட்டிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, மாட்ட வர மாட்டேங்குது."

"புதுசு இல்லையா, கொஞ்சம் டைட்டா இருக்கும். அழுத்து."

கழற்றி விளக்கடியில் பிடித்தாள். "ரெண்டு கொக்கியும் ஒண்ணையொண்ணு முறைச்சிக்கிட்டு நிக்குதுங்க."

அடுத்த பச்சை. அதிலும் முறைப்பு. அரக்கை எடுத்தாள், இரண்டு பக்கமும் வளையம், ஒன்றையொன்று பார்த்து வாயைப் பிளந்துகொண்டு.

"மாமா, நீங்க மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான் மச்சான்.

"நீ மாத்தியிருப்பேன்னு நான் நெனச்சேன்."

"ஆள்தான் நகரக் கூடாதுன்னீங்களே!" என்றவன், மெதுவாக எழுந்தான். "அக்கா, எனக்கு ஏழு பத்துக்கு டிரெயின்."

"உக்காரு."

உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன், என்னிடம் சொல்லவில்லை என்றாலும்.

மூடியைப் பிரிக்க முடியாது. வெட்டினால் கயிறு கழுத்துக்கே பற்றாது. வேறு கொக்கி வாங்க ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் கடை கிடையாது. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, நான்தான் ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாலைகளை மடியில் போட்டுக்கொண்டு, "அந்தத் தட்டுல சிவப்பு வெல்வெட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். பொழுதுபோக்கு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் உபயோகித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பச்சையின் கொக்கியை ஓர் அரக்கின் வளையத்தில் மாட்டினாள். மறுபக்கத்தையும் மாட்டினாள். தொப்புள்வரை தொங்கும் ஒரு நீண்ட மாலை. கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டால் இரட்டை வடம், பாதி பச்சை, பாதி அரக்கு. மற்றவற்றையும் மாட்ட ஆரம்பித்தாள். இருபத்து நான்கு பன்னிரண்டாயிற்று.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் போனேன். பை தூக்கவாவது ஆகுமே.

கடைக்கார அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். "ரெண்டு டஜன் கேட்டா ஒரு டஜன் கீது. அதுவும் இத்தாம் பெருசு! இன்னாம்மா, காளை மாட்டுக்குக் கட்றதுக்கா?"

புது மாடல் என்று சொல்லிவிடு என்று நான் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தூரமும் சொல்லிக் கொடுத்திருந்தேன். மனைவி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தப்பாயிடுச்சுக்கா. நான் ஊர்ல இல்ல. இவரு கொக்கிய ஒரு பக்கம், வளையத்த ஒரு பக்கம்னு வச்சிட்டாரு" என்று தொடங்கி, கொடி, காகிதம், தத்துவம், மீசை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்கா சிரித்ததில் கல்லா மேலிருந்த பொட்டு அட்டைகள் சரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார் எங்க வேலை செய்யறீங்க?"

"வண்டிப் பார்ட்ஸ் கம்பெனில."

"நல்ல வேள சொன்னீங்கோ. இனிமே நான் நடந்தே போறேன்."

பிறகு சிரிப்பை நிறுத்தி, ஒரு மாலையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். கல்லா ஆடியது, கொக்கி ஆடவில்லை. இன்னொன்றை எடுத்து இழுத்தார். அதுவும் வரவில்லை.

"கொக்கி நல்லாத்தான் வெச்சிகீறாரு, மூளதான் கயண்டு கீது" என்றார். "இத ஓரமா வெய்யி, வித்தா விக்கட்டும். தட்டு வியாழக்கெழமை வரைக்கும் உனுக்குக் காலியா வெக்கிறேன். ரெண்டு டஜன், ஒத்தை ஒத்தையா. ஆனா ஒண்ணு. சார் கை படக் கூடாது."

புதன்கிழமை இரவுக்குள் மனைவி தனியாகவே முடித்துவிட்டாள். ஒரு மாலையை எடுத்தால் இரண்டு நுனியும் முடித்துத்தான் கீழே வைத்தாள். கை படக் கூடாது என்ற நிபந்தனையை மீறாமல் எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். கை படக் கூடாதே தவிர, கழுத்து படலாம். ஒவ்வொரு மாலையையும் என் கழுத்தில் போட்டு, கொக்கி மாட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைப்பாள். தொண்ணூறுகளில் நாங்கள் தாம்பரத்தை விட்டுப் போகும்வரை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் போன மாலை ஒவ்வொன்றும் என்னைத் தாண்டித்தான் போயிற்று.

ஒருநாள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கதவைத் தட்டினார். அவசரத்தில் அப்படியே போய்த் திறந்துவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, படியிறங்கும்போது திரும்பினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பச்சை உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு."